நாலாம் நம்பரில் மட்டும் ஓடும் கார் ஏசி: ரெசிஸ்டரா, மோட்டாரா?

விசிறிக் குமிழை 1, 2, 3 என்று எதில் வைத்தாலும் காற்று வராது. 4-க்குத் திருப்பினால் மட்டும் புயல். என் காரில் இது ஆரம்பித்தது ஒரு சித்திரை மாதத்தில். ஒர்க்‌ஷாப்பில் "ப்ளோயர் செட்டே மாத்தணும் சார்" என்றார்கள்; ப்ளோயர் என்றால் டேஷ்போர்டுக்குள் காற்றைத் தள்ளும் விசிறியும் அதன் மோட்டாரும். தெருமுனை எலக்ட்ரீஷியனோ "அட, ரெசிஸ்டர்தான் சார், அரை மணி நேர வேலை" என்றார். விசிறிக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பாகம் அது. செலவு குறைவான பேச்சுதானே காதில் ஏறும்? அவரை நம்பினேன். ஆறு மாதத்தில் மறுபடி அதே கதை. இன்னொரு ரெசிஸ்டர் போட்டோம், இந்த முறை இரண்டே மாதம். மூன்றாவது தடவை மோட்டாரையும் சேர்த்து மாற்றிய பிறகுதான் அடங்கியது. இரண்டு பேருமே பாதி சரி என்று அப்போதுதான் புரிந்தது.

எதை மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன்னால், கோளாறு இந்த விசிறியில்தானா என்று பார்த்துவிடுங்கள். காற்று நன்றாக வருகிறது, ஆனால் சிக்னலில் நிற்கும்போது சூடாகிறது, வண்டி ஓடினால் குளிர்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பானெட்டுக்குள் இருக்கும், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் விசிறியை. கிளம்பும்போது நன்றாக வந்த காற்று ஒரு மணி நேர ஓட்டத்தில் மெல்லக் குறைந்து, ஏசியை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் திரும்பி வருகிறதா? கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. ப்ளோயரைக் கழற்றிப் பயனில்லை. விசிறிச் சத்தம் பலமாகக் கேட்டும் முகத்துக்கு வராமல் காலுக்கு மட்டும் காற்று போனால், உள்ளே திசை மாற்றும் மடல் சிக்கியிருக்கிறது. இது எதையும் கேட்காமலே "கேஸ் கம்மி சார்" என்று ஆரம்பிப்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கேஸ் குறைந்தால் குளிர்ச்சிதான் முதலில் குறையும், விசிறியின் 1, 2, 3 செத்துப்போகாது.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். குமிழ் வைத்த சாதாரண ஏசியில் விசிறி மோட்டாருக்கு ஒரே வேகம்தான் தெரியும். 1, 2, 3-இல் வைக்கும்போது மின்சாரம் ரெசிஸ்டர் வழியாகச் சுற்றிப்போகிறது, மோட்டாருக்குக் கிடைக்கும் வோல்ட் குறைகிறது. 4-இல் ரெசிஸ்டர் கணக்கிலேயே இல்லை, நேரடி இணைப்பு. அதனால்தான் ரெசிஸ்டர் போனால் 4 மட்டும் பிழைத்துக்கொள்கிறது.

இந்த ரெசிஸ்டர் எவ்வளவு சூடாகும் என்று பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பேட்டரிப் பக்கம் 13.5 வோல்ட், மோட்டாருக்குப் போவது 5 வோல்ட், ஓடுவது 4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 8.5 வோல்ட்டும் ரெசிஸ்டரில் 34 வாட் சூடாக மாறுகிறது. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் வைக்கிற சால்டரிங் அயர்ன் ஏறக்குறைய அந்த அளவுதான். அதை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். உருகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், விசிறியின் காற்று அதன் மேலேயே அடித்துக் குளிர்விப்பதுதான். காற்று குறைந்தால் ரெசிஸ்டர் தட்டில் இருக்கும் வெப்ப ஃப்யூஸ் விட்டுவிடும். மூன்று வேகமும் ஒரே நாளில் போவது அதனால்தான். ஏதாவது ஒரு வேகம் மட்டும் போயிருந்தால் ரெசிஸ்டரின் ஒரு சுருளோ, குமிழுக்குப் பின்னால் இருக்கும் ஸ்விட்சோ காரணம். 4 மட்டும் ஓடாமல் மற்றவை ஓடினால் ரெசிஸ்டர் நிரபராதி. ஸ்விட்சையும், விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் ரிலேயையும் பாருங்கள்.

ஆக, ரெசிஸ்டர் தானாகச் செத்ததா, யாராவது கொன்றார்களா என்பதுதான் கேள்வி. சந்தேகப்பட வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒன்று, அடைத்துப்போன ஏசி ஃபில்டர். வேப்பமரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்கள் அதைக் கழற்றிப் பார்த்தால் ஒரு கைப்பிடி சருகு கிடைக்கும். காற்று குறைய, ரெசிஸ்டர் குளிராமல் வேகிறது. இன்னொன்று, புஷ் (அச்சைத் தாங்கும் வளையம்) காய்ந்து இறுகிய மோட்டார். அது சுற்ற முடியாமல் சுற்றும். கூடுதல் ஆம்பியர் இழுக்கும், காற்றையும் குறைவாகத் தள்ளும். ரெசிஸ்டருக்கு இரண்டு பக்கமும் அடி.

கண்டுபிடிக்க முதல் வேலை, கிளவ் பாக்ஸுக்குக் கீழே தலையைக் கொடுத்து மோட்டாரைக் கழற்றி, அதன் முனையில் கூண்டு மாதிரி இருக்கும் விசிறிக் கூட்டைக் கையால் சுண்டிவிடுவது. பெரும்பாலான கார்களில் மூன்று ஸ்க்ரூதான், ஆனால் முதுகு ஒரு வாரம் பேசும். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் எடுத்துவிடுங்கள். சுண்டிய கூடு சில சுற்று தானாக ஓடி நின்றால் நல்லது. விரலை எடுத்ததும் நின்றாலோ, கரகரவென்றாலோ, அந்த மோட்டாரோடு புது ரெசிஸ்டரைச் சேர்ப்பது காசைக் கரியாக்குவது. வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர் கிடைத்தால், மோட்டாரையும் பேட்டரி வயரையும் திரும்ப மாட்டி, 4-இல் ஓடவிட்டு ஆம்பியரையும் பாருங்கள். வீட்டு ஒயரிங் பார்ப்பவரிடம் இருக்கும் மீட்டர் பெரும்பாலும் வீட்டில் வரும் மாறுதிசை மின்சாரத்துக்கு மட்டும்தான், காரின் டிசி (நேர்திசை மின்சாரம்) அளக்கும் மீட்டர் வேண்டும். பச்சை நிற 30 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட சர்க்யூட்டில் மோட்டார் மட்டுமே 25-ஐ நெருங்கினால் அதற்கு வயசாகிவிட்டது.

இப்போது என் தீர்ப்பு. முதல் முறை ரெசிஸ்டர் போயிருக்கிறது, மோட்டார் இலகுவாகச் சுற்றுகிறது, ஃபில்டர் அழுக்கு என்றால் ரெசிஸ்டரையும் ஃபில்டரையும் மட்டும் மாற்றுங்கள். சில நூறு ரூபாயில் முடியும். மோட்டாரைத் தொட வேண்டாம், ஒர்க்‌ஷாப் எத்தனை எஸ்டிமேட் கொடுத்தாலும் சரி. இரண்டாவது ரெசிஸ்டரும் ஒரு வருடத்துக்குள் போனால் மூன்றாவதை வாங்காதீர்கள், மோட்டாருக்கான காசை எடுத்து வையுங்கள்.

மூன்றாவதாக ஒரு வழியைச் சிலர் கடைப்பிடிக்கிறார்கள். வெப்ப ஃப்யூஸுக்குக் குறுக்கே ஒரு துண்டு வயரை ஈயம் வைத்து ஒட்டிவிடுவது, அல்லது விசிறிக்கான மெயின் ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஆம்பியர் போடுவது. டேஷ்போர்டுக்குள் சால்டரிங் அயர்னைப் பூட்டி வைத்து, அணைக்கிற ஸ்விட்சையும் பிடுங்கிவிட்ட மாதிரி இது. ஒப்பிடும் தகுதியே இதற்கு இல்லை.

மோட்டார்தான் என்று முடிவானால் அங்கேயும் போட்டி இருக்கிறது. எந்த நம்பரிலும் ஓடாத விசிறி, கிளவ் பாக்ஸுக்கு அடியில் மோட்டாரைத் தட்டினால் ஓட ஆரம்பிக்கிறதா? கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. ரீவைண்டிங் கடையில் பிரஷ் மாற்றித் தருவார்கள், மலிவு. ஆனால் பிரஷ் உரசும் செம்பு வளையமும் அதே அளவு தேய்ந்திருக்கும், புஷ்ஷும் பழசுதான். வண்டியை விற்கப்போகிறவர்களுக்கும், உதிரி கிடைக்காத பழைய மாடல்காரர்களுக்கும் இது போதும். பிரஷ் மாற்றி வந்தபின் காற்று பலவீனமாக இருந்தால், இரண்டு வயரும் இடம் மாறியதா என்று பாருங்கள். இந்த வகைக் கூட்டு விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் வரும், ஆனால் சோகையாக வரும். "ரிப்பேர் சரியில்லை" என்று சண்டை போடுகிறவர்களில் சிலருக்கு இதுதான் நடந்திருக்கும்.

சென்னைக்காரர்களுக்குப் பழைய கார் உதிரிச் சந்தையான புதுப்பேட்டை இருக்கிறது. கழற்றின சாமான் என்றாலும் கம்பெனி சாமான், கூடு ஆட்டமில்லாமல் சுற்றும். உங்களுடையதை விட இளமையான வண்டியிலிருந்து வந்ததா என்பதுதான் சூதாட்டம். கடையிலேயே 12 வோல்ட் பேட்டரியில் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, கையில் பிடித்து அதிர்வு பார்த்து வாங்க வேண்டும். வெளிக் கம்பெனியின் புது மோட்டார் விலையில் ஆசை காட்டும், ஆனால் மலிவானவற்றில் கூட்டின் பேலன்ஸ் சரியில்லாமல் 3-க்கு மேல் டேஷ்போர்டே உறுமும். நான் ஒரிஜினல்தான் வாங்கினேன். ஐந்து வருடத்துக்கு மேல் வண்டியை வைத்திருக்கப் போகிறவருக்கு அதையே சொல்வேன்; இரண்டு வருடத்தில் விற்கிறவருக்குப் புதுப்பேட்டை.

டிகிரி காட்டும் ஆட்டோமேட்டிக் ஏசிக்கு மேலே சொன்ன ரெசிஸ்டர் கணக்கு பொருந்தாது. அதில் டிரான்சிஸ்டர் மாட்யூல்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அது போனால் விசிறி ஒரேயடியாக நிற்கும், இல்லையென்றால் முழு வேகத்தில் பிடித்துக்கொள்ளும். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கும் இடத்துக்கே போய்விடுங்கள்.

ஏசி போடாதவர்களும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஊட்டியில் ஹீட்டர் காற்றைத் தள்ளுவதும், ஐப்பசி மழையில் முன் கண்ணாடியின் ஆவியை விரட்டுவதும் இதே மோட்டார்தான்.

எதை மாற்றினாலும் கப்ளரை மறக்காதீர்கள். ரெசிஸ்டரில் மாட்டும் அந்தப் பிளாஸ்டிக் சொருகி பழுப்பாகவோ நெளிந்தோ இருந்தால், உள்ளே பின் தளர்ந்து சூடேறியிருக்கிறது. என் முதல் எலக்ட்ரீஷியன் புது ரெசிஸ்டரைக் கருகிய கப்ளரிலேயே சொருகியிருந்தார். வேலை முடிந்ததும் 2-ஆம் நம்பரில் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டுக் கப்ளரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் புதுக் கப்ளர் போடாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.