எட்டு எபிசோடுகளும் ஒரே இரவும்

ஓடிடி தளங்களில் தமிழ்த் தொடர்கள் வரத் தொடங்கியதிலிருந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மிஞ்சும் நேரத்தைப் பெரும்பாலும் அவற்றுக்கே ஒதுக்கிவரும் பார்வையாளன் நான். ஒளிப்பதிவையோ படத்தொகுப்பையோ எடைபோடும் பயிற்சி எனக்கில்லை. ஓர் எபிசோடு முடிந்ததும் அடுத்ததைப் பார்க்கத் தோன்றுகிறதா, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கத் தோன்றுகிறதா என்பதே என் அளவுகோல்.

அந்த அளவுகோலில் முதலிடம் 'அயலி'க்கு (2023). பருவமடைந்த பெண் பள்ளிக்குப் போகக் கூடாது என்று தெய்வத்தின் பெயரால் கட்டுப்பாடு வைத்திருக்கும் வீரப்பண்ணை என்ற ஊரில், மருத்துவராக விரும்பும் தமிழ்ச்செல்வி தான் வயதுக்கு வந்ததையே மறைத்துவிடுகிறாள். இந்த ரகசியம் எப்போது உடையும் என்ற கவலை கதைக்குள்ளேயே இருப்பதால், எபிசோடின் கடைசி நிமிடத்தில் செயற்கையாக ஓர் அதிர்ச்சியைக் கொண்டுவந்து வைக்க வேண்டிய தேவை இயக்குநர் முத்துக்குமாருக்கு ஏற்படவில்லை. சில இடங்களில் கருத்து உரக்கப் பேசப்படுகிறது. ஆனால், தாய் குருவம்மாளாக வரும் அனுமோலின் முகத்தில் பயமும் பிடிவாதமும் மாறி மாறித் தெரிவதைப் பார்க்கும்போது அது பெரிய குறையாகப் படவில்லை.

புஷ்கர், காயத்ரி இணை எழுதிய 'சுழல்' முதல் பருவம் (2022), காணாமல் போன பெண்ணைத் தேடும் கதையை மயானக் கொள்ளைத் திருவிழாவோடு பின்னியது. வேடமிட்டு ஆடும் கூட்டம் அந்த மலையூரின் பதற்றத்தைக் கூட்டிக்கொண்டே போனதால், விசாரணை தேங்கிய இடங்களிலும் கவனம் சிதறவில்லை. 2025இல் வந்த இரண்டாம் பருவத்தில் ஒரே கொலைக்கு எட்டுப் பெண்கள் பொறுப்பேற்கிறார்கள். தொடக்கத்தில் வியப்பளித்த இந்த ஏற்பாடு, ஒவ்வொருவருக்கும் ஒரு முன்கதை சொல்லியாக வேண்டிய கட்டாயமாகப் பிறகு மாறிவிட்டது என்பது என் எண்ணம். எஸ்.ஜே. சூர்யாவின் அடக்கமான நடிப்புக்காக நான் விரும்பிய 'வதந்தி'யிலும் (2022) இதே சிக்கல் உண்டு. இறந்த பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை கிளம்புவதுதான் அதன் உயிர் என்றாலும், நடுவிலுள்ள ஓரிரு எபிசோடுகளைச் சுருக்கியிருந்தால் அந்தக் கதைகளுக்கு இன்னும் கூர்மை கிடைத்திருக்கும். ஒன்பது குறும்படங்கள் கொண்ட 'நவரசா'வைப் (2021) பொறுத்தவரை, பாதிக்கு மேல் எனக்கு நினைவில் நிற்கவில்லை.

நீளம் பற்றிய இந்தப் புகாரைத் திரைப்படங்களுக்கு அப்படியே பொருத்த முடியவில்லை. லோகேஷ் கனகராஜின் 'கைதி'யும் (2019) பிரேம்குமாரின் 'மெய்யழக'னும் (2024) பெரும்பகுதி ஓர் இரவிலேயே நிகழ்பவை. இரண்டிலும் காதல் டூயட் கிடையாது. முன்னதில் லாரி ஓரிடம் போய்ச் சேர வேண்டும். பின்னதில் இருவர் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். 'மெய்யழகன்' திரையரங்குகளுக்கு வந்த சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்கள் வெட்டப்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. பெயரே நினைவுக்கு வராத உறவினனோடு விடிய விடியப் பேசுவதுதான் கதை என்னும்போது, பேச்சைக் குறைப்பது எதைக் காப்பாற்றுவதற்காக? எங்கள் வீட்டில் அப்படத்தைப் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தோம். விட்ட இடத்தில் அந்தப் பேச்சு இயல்பாகவே மீண்டும் பிடித்துக்கொண்டது. 'கைதி'யை அப்படி நிறுத்திப் பார்க்க யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.