குதிரைக்குச் சற்றே சின்ன லைட் பாக்ஸ்

மாடல் குதிரைகளை உள்ளே நிறுத்திப் படமெடுக்க உதவும், விளக்கு வைத்த 40 செ.மீ. மடக்குப் பெட்டி, அதாவது லைட் பாக்ஸ் இது. பிரேயர் நிறுவனத்தின் 1:32 அளவு (நிஜக் குதிரையில் 32-இல் ஒரு பங்கு) சின்னக் குதிரைகள் தாராளமாக நிற்கின்றன. 1:9 குதிரையை நிறுத்தினால் வாலுக்கும் சுவருக்கும் நாலு விரல் இடம்கூட இல்லை.

வெளிச்சம் மேலிருந்து மட்டும்தான். கையால் வண்ணம் தீட்டிய மேட் ரெசின் குதிரையில் பிடரி முடி இழை இழையாகத் தெரிகிறது, வயிறோ இருட்டு. முன்னால் வெள்ளை அட்டை வைத்தால் சரியாகிவிடும். பளபளப்பான பீங்கான் குதிரை என்றால் முதுகெல்லாம் எல்இடி புள்ளிகள்! விளக்குக்குக் கீழே டிரேசிங் பேப்பர் கட்டியே ஆக வேண்டும்.

அப்புறம், கூடவே வரும் வெள்ளைத் துணியில் மடிப்புக் கோடு போவதே இல்லை. பஞ்சகல்யாணியின் வெள்ளைக் கால்களும் அதில் கரைந்துவிடுகின்றன. சாம்பல் நிறத் தாள் போடுங்கள். சின்னக் குதிரைக்காரர்கள் வாங்கலாம். மற்றவர்கள் 60 செ.மீ. பாருங்கள்.