பெர்ப்பிள்-எக்ஸ்: ஏற்காட்டுச் சார்னோக்கைட் பாறைக்கு ஒத்துவருமா?

ஜூரிக்கின் ஈ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கானலி எழுதிய பெர்ப்பிள்-எக்ஸ், பாறைகளுக்கு ஃபேஸ் டயகிராம், அதாவது எந்த அழுத்தம், வெப்பநிலையில் எந்தக் கனிமங்கள் நிலைக்கும் என்ற படம், வரையும் இலவச மென்பொருள். சாதாரண லேப்டாப்பே போதும். சேலத்தில் ஜியாலஜி படிப்பவர்கள் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். மவுஸுக்கு வேலையில்லை, கறுப்புத் திரையில் கேள்வி வரும், பதிலைத் தட்ட வேண்டும். அத்தனையும் வெப்ப இயக்கவியல் கேள்விகள். புரியாமல் எண்டரை அழுத்தினால் அழகான, தப்பான படம் வரும்.

கொடுத்த அழுத்தம், வெப்பநிலை, கலவையில் எந்தக் கனிமக் கூட்டுக்குக் கிப்ஸ் ஆற்றல் (குறையக் குறைய நிலைத்தன்மை கூடும்) மிகக் குறைவோ, அதைத் தேடி எடுப்பதுதான் இதன் வேலை. உள்ளே தனித்தனி நிரல்கள்: 'பில்ட்'டில் பதில்கள், 'வெர்டெக்ஸ்'ஸில் கணக்கு, 'பிஎஸ்செக்ட்'டில் படம்.

முதலில் ஒரே வேதிக் கலவையுள்ள கயனைட், ஆண்டலுசைட், சில்லிமனைட் மூன்றையும் வரைந்து பாருங்கள். வேதிக் கூறு 1, ஃபேஸ் (இங்கே கனிமம்) 3; ஃபேஸ் விதிப்படி 1−3+2=0, அதாவது அசைய இடமில்லாத புள்ளி. அது 500–550 டிகிரி செல்சியஸ், 4 கிலோபாரை ஒட்டி விழ வேண்டும். அடர்த்தி அதிகமுள்ள கயனைட் உயர் அழுத்தப் பக்கம் இருக்க வேண்டும். எங்கோ விழுந்தால் அலகைப் பாருங்கள்: வெப்பநிலை கெல்வினில், அழுத்தம் பாரில். 500 டிகிரிக்கு 773, 4 கிலோபாருக்கு 4000.

அதிகம் பேர் வழுக்குவது 'அளவுகள் எடையிலா?' என்ற கேள்வியில். எடைச் சதவீதத்தை வைத்துக்கொண்டு 'இல்லை' என்றால் எண்களை மோலாக எடுத்துக்கொள்ளும். சிலிகா 60, அலுமினா 15 உள்ள பாறையில் அலுமினா–சிலிகா மோல் விகிதம் 0.15, அது 0.25 ஆகிவிடும். பாறையில் இல்லாத கார்டியரைட்டோ சில்லிமனைட்டோ படத்தில் முளைக்கும்.

அடுத்தது தண்ணீர். ஏற்காடு மலைப்பாதை வெட்டுகளில் தெரியும் பச்சை கலந்த கருஞ்சாம்பல் சார்னோக்கைட் வறண்ட பாறை. தண்ணீரைச் 'செறிவுற்றது' என்று கொடுத்து உருகல் (உருகிய பாறைக்குழம்பு) மாடலையும் சேர்த்தால், 700 டிகிரிக்கு முன்பே உருகல் எட்டிப் பார்க்கும், பயோடைட் தேவையில்லாமல் நீளும். தண்ணீரைச் சாதாரணக் கூறாக, எடையில் 0.2 சதவீதம் போலக் கொடுத்துத் தொடங்குங்கள்.

சேலம் சுண்ணாம்புக் கரட்டு மேக்னசைட்டுக்கு (மக்னீசியம் கார்பனேட்) அழுத்தம்–வெப்பநிலைப் படம் மட்டும் போதாது. ஃபார்ஸ்டரைட்டும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து மேக்னசைட்டும் குவார்ட்ஸும் ஆகும் வினை என்பதால், திரவத்தின் கார்பன் டை ஆக்சைடு விகிதத்தையே ஒரு அச்சாக வையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி 'மீமம்' என்ற நிரல். ஒரே ஒரு புள்ளிக்குக் கனிமங்களின் அளவையும் கலவையையும் எண்ணாகத் தரும். மைக்ராஸ்கோப் மேடையைத் திருப்பத் திருப்ப இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும், சார்னோக்கைட்டின் ஹைப்பர்ஸ்தீன் கனிமம் உங்கள் தின் செக்‌ஷனில் (மெல்லிய பாறைச் சீவல்) எவ்வளவு என்று எண்ணி, அதோடு ஒப்பிடுங்கள்.