ஜோடி நடனப் போட்டிக்கு மைக்கை யார் கையில் கொடுப்பது? தொகுப்பாளர், இசை, இடைவேளைக் கலைஞர்கள்: ஓர் ஒப்பீடு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சால்சா, பச்சாட்டா, லத்தீன் வகுப்பு நடத்துகிறவர்கள் போட்டி வைக்க முடிவு செய்தால் முதலில் மண்டபம் பார்க்கிறார்கள், அடுத்து நடுவர்களைக் கூப்பிடுகிறார்கள். தொகுப்பாளர் விஷயம் கடைசி வாரத்தில்தான் ஞாபகம் வரும். "நல்லாப் பேசற ஆளு யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டு, கிடைத்தவர் கையில் மைக்கைக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலான போட்டிகள் தடுமாறுவது இங்கேதான். ஜோடி நடனப் போட்டியில் தொகுப்பாளரின் முதல் வேலை பேசுவது அல்ல. நேரத்தைப் பிடிப்பது, எண்களைச் சரியாகக் கூப்பிடுவது, பாட்டு ஓடும்போது வாயைத் திறக்காமல் இருப்பது.

ரிசப்ஷன் தொகுப்பாளரா, ஆடத் தெரிந்தவரா?

நம் ஊரில் எளிதில் கிடைப்பவர் கல்யாண ரிசப்ஷன் தொகுப்பாளர். குரல் இருக்கும், கூட்டத்தைக் கலகலப்பாக்கத் தெரியும், மைக் கோளாறானாலும் பதறமாட்டார். சிக்கல் அவருடைய பழக்கத்தில் இருக்கிறது. ரிசப்ஷன் மேடையில் மௌனம் என்றால் தப்பு. போட்டித் தளத்தில் மௌனம்தான் வேலை. 18 ஜோடிகள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 6 ஜோடி வீதம் 3 ஹீட் (சேர்ந்து ஆடும் குழு), ஹீட்டுக்கு சா சா சா, ரும்பா, ஜைவ் என 3 நடனம், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம். மொத்தம் 9 பாட்டு, பதிமூன்றரை நிமிட இசை. பாட்டுக்குப் பாட்டு அரை நிமிடம் கூடுதலாகப் பேசினால் முதல் சுற்றிலேயே நாலரை நிமிடம் போய்விடும். அந்த நேரத்தில் ஏசிக் குளிரில் நிற்கிற கால்கள் இறுகிவிடும். அடுத்து வருவது ஜைவ் என்றால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது இப்படித்தான்.

இன்னொரு பழக்கம் அதைவிட மோசம். தளத்தில் நிற்கும் பையனையும் பொண்ணையும் பார்த்து "ஏனுங் மாப்ள, எப்பங்க கல்யாணச் சாப்பாடு?" என்று கேட்பது. ஜோடி என்றால் காதல் ஜோடி என்று அவர் நினைத்துக்கொள்கிறார். அண்ணன் தங்கையாக ஆடுகிறவர்கள் உண்டு, 10 வயதுக் குழந்தைகள் உண்டு, வேறு வேறு குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வகுப்பில் சேர்ந்து பழகி வந்திருப்பார்கள். பெற்றோர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஒரு கேள்வியால் அடுத்த மாதம் வகுப்புக்கு அனுப்பமாட்டார்கள். "லீடர், ஃபாலோயர்" (ஆட்டத்தை நடத்துபவர், பின்தொடர்பவர்) என்ற இரண்டு சொல்லை மட்டும் சொல்லிக்கொடுத்து, "மாப்பிள்ளை, பொண்ணு" எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

ஆடத் தெரிந்த தொகுப்பாளரிடம் குறை நேர்மாறு. குரல் தட்டையாக இருக்கும், கூட்டத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுவார். ஆனால் அவர் "எண் 14, 17, 21, 26, 30, 33, தளத்துக்கு வாங்க. சா சா சா" என்று சொல்லி நிறுத்திவிடுவார். 15 விநாடியில் ஜோடிகள் நின்றுவிடும், பாட்டு ஆரம்பிக்கும். எண்களை ஏறுவரிசையில் சொல்ல வேண்டும் என்பதும், பயிற்சியாளர் பெயரையோ நடனப் பள்ளியின் பெயரையோ நடுவர் காதில் விழச் சொல்லக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டு ஜோடி மோதிக்கொண்டால் பாட்டை நிறுத்துவதா விடுவதா என்று நடுவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார்.

ஜாக் அண்ட் ஜில் வைத்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இதில் ஜோடி முன்கூட்டியே கிடையாது; லீடர்கள் ஒரு வரிசை, ஃபாலோயர்கள் ஒரு வரிசை, குலுக்கல் முறையில் சேர்ப்பார்கள். "ஃபாலோயர்கள் மூணு இடம் வலப்பக்கம் நகருங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி, கடைசி மூன்று பேர் வரிசையின் முன்னால் வரவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். லீடர் 11, ஃபாலோயர் 13 என்று எண்ணிக்கை ஒத்துவராமல் போனால் இரண்டு லீடர்களைத் துணைக்கு ஆடச் சொல்லி, அவர்களுக்கு மதிப்பெண் கிடையாது என்று நடுவர்களுக்கு அறிவிக்க வேண்டும். ரிசப்ஷன்காரர் இங்கே தடுமாறினால் பத்து நிமிடம் போகும்.

முடிவு அறிவிப்பிலும் ஆடத் தெரிந்தவர்தான் தேவை. நடுவர்கள் ஜோடிகளுக்குத் தரும் இடங்களைத் தொகுக்கும் ஸ்கேட்டிங் முறையில் எண்களைக் கூட்டுவதில்லை, பெரும்பான்மை பார்ப்பார்கள். 5 நடுவர்களில் ஒரு ஜோடிக்கு 1, 1, 1, 5, 5 வந்திருக்கிறது, இன்னொரு ஜோடிக்கு 2, 2, 2, 1, 1. கூட்டினால் முதல் ஜோடிக்கு 13, இரண்டாவதற்கு 8. இருந்தாலும் முதலிடம் முதல் ஜோடிக்குத்தான், ஏனென்றால் 3 நடுவர்கள் அவர்களை முதலிடத்தில் வைத்துவிட்டார்கள். இதைப் பரிசளிப்புக்கு முன்பே இரண்டு வாக்கியத்தில் கூட்டத்துக்குச் சொல்லிவிட்டால், மார்க் சீட்டைப் பார்த்துவிட்டு மேடையருகே வந்து சத்தம் போடும் அப்பாக்கள் பாதியாகக் குறைவார்கள்.

பட்டிமன்றப் பேச்சாளரைக் கூப்பிடும் யோசனையும் சிலருக்கு வரும். அவருக்கு வரவேற்புரை கொடுங்கள், அதோடு போதும்.

எங்கள் தேர்வு: தளத்துக்கும் முடிவு அறிவிப்புக்கும் ஆடத் தெரிந்தவர், வரவேற்பு, விளம்பரதாரர் பெயர்கள், பரிசளிப்பு மூன்றுக்கும் ரிசப்ஷன் தொகுப்பாளர். ஆள் இரண்டு, மைக் ஒன்று. இரண்டு மைக் கொடுத்தால் ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே புகுவார்.

கைதட்டச் சொல்வது

நல்ல எண்ணத்தில் தொகுப்பாளர்கள் செய்யும் பெரிய கேடு இது. "எல்லாரும் தாளத்துக்குக் கைதட்டுங்க!" ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். தளத்தின் ஓரத்து ஸ்பீக்கரிலிருந்து 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குத் தாளம் 0.09 விநாடி தாமதமாகத்தான் கேட்கும். அவர் தட்டும் ஓசை தளத்துக்குத் திரும்பிவர இன்னொரு 0.09. ஆக 0.18 விநாடி. நிமிடத்துக்கு 190 தட்டு ஓடும் சால்சாவில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.32 விநாடிக்குக் கீழேதான். பின்வரிசைக் கைதட்டல் இரண்டு தட்டுக்கும் நட்டநடுவில் வந்து விழுகிறது. ஆடுகிறவர் காதில் இரண்டு தாளம், எதைப் பிடிப்பது? அனுபவமில்லாத ஜோடிகள் கூட்டத்தின் தாளத்துக்குப் போய், 'ஆஃப் டைம்' (தாளம் தப்பியது) என்று நடுவரிடம் முதல் வெட்டு வாங்குவார்கள். பாட்டு முடிந்ததும் தட்டச் சொல்லுங்கள், மண்டபம் அதிரட்டும். ஓடும்போது வேண்டாம்.

டிஜேயா, மெல்லிசைக் குழுவா?

போட்டிச் சுற்றுகளுக்கு டிஜே. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. உலக நடன விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி சா சா சாவுக்கு நிமிடத்துக்கு 30 முதல் 32 பார் (நாலு தட்டு ஒரு பார்), அதாவது 120 முதல் 128 தட்டு. ரும்பாவுக்கு 25 முதல் 27 பார். ஜைவுக்கு 42 முதல் 44. மெல்லிசைக் குழு உற்சாகத்தில் வேகம் பிடிக்கும். முதல் ஹீட் சா சா சாவை 122 தட்டில் ஆடியிருக்க, மூன்றாவது ஹீட் 130-ல் ஆடினால் அது போட்டியே அல்ல. ஆக்டோபேடுக்காரர் காதில் கிளிக் (தாளம் காட்டும் சீரான ஒலி) ஓடவிட்டு வாசித்தால் ஓரளவு நிற்கும், ஆனால் அப்படிப் பழகிய குழுவைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

டிஜேயிடமும் கேட்டு வாங்க வேண்டியவை உண்டு. அவர் பழகியது ஒரு பாட்டை இன்னொன்றோடு கலந்து இடைவெளி இல்லாமல் ஓட்டுவது. இங்கே ஒவ்வொரு பாட்டும் தனியாகத் தொடங்கி, ஒன்றரை நிமிடம் தாண்டியதும் ஓர் எட்டுத் தட்டுச் சுற்று முடியும் இடத்தில் மெல்ல இறங்கி நிற்க வேண்டும். நடுவில் சட்டென வெட்டினால் தூக்கி நிறுத்திய ஃபாலோயர் அந்தரத்தில் நிற்பார். வேகத்தைக் கூட்டும் ஸ்லைடரைத் தொடக்கூடாது. பாட்டுகளைக் கணினியில் இறக்கி வைத்திருக்க வேண்டும். இணையத்திலிருந்து ஓட்டினால் ரும்பா நடுவே விளம்பரம் வரும். லேப்டாப்புக்கு யூபிஎஸ் கட்டாயம், கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் பாட்டு நின்றுவிடும். தொகுப்பாளர் மைக்குக்கு மிக்ஸரில் தனி ஃபேடர் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் விசை) வேண்டும்.

மெல்லிசைக் குழுவுக்கு இடம் பரிசளிப்புக்குப் பிறகு, எல்லோரும் சேர்ந்து ஆடும் நேரத்தில். அங்கே வேகம் ஏறினால் ஒரு கெடுதலும் இல்லை, ஏறத்தான் வேண்டும். சவுண்ட் செக்குக்கு டிஜேக்கு அரை மணி என்றால் குழுவுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

இடைவேளை: வள்ளி கும்மி, துடும்பு, விருந்தினர் ஜோடி

அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவே 20 நிமிடமாவது வேண்டும். நடுவர் தாள்களைக் கணக்கிடவும், 6 ஜோடிகள் மூச்சு வாங்கவும், உடை மாற்றவும்.

வழக்கமாக வெளியூர் ஜோடி ஒன்றைக் கொண்டுவருவார்கள். அழகாக இருக்கும், தளத்துக்கும் கெடுதல் இல்லை. ஆனால் ஒரு காட்சி 3 நிமிடம்தான். மீதி நேரத்தை யார் நிரப்புவது? அந்த ஜோடியே நடுவராகவும் இருந்தால் கணக்குத் தாள் காத்துக்கிடக்கும். போட்டியாளரின் ஆசிரியரே ஆடினால் அது விளம்பரம் போலத் தெரியும்.

எங்கள் ஓட்டு வள்ளி கும்மிக்கு. இந்த மண்ணின் ஆட்டம், வட்டமாக ஆடுவது, பாட்டும் அடவும் சேர்ந்தது, வந்திருக்கும் பாட்டிகள் கூட எழுந்து பார்ப்பார்கள். கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பன் 2024-ல் பத்மஸ்ரீ பெற்றார்; பெண்களுக்கும் இதைக் கற்றுக்கொடுத்ததில் அவர் பங்கு பெரிது. வெறுங்காலில் ஆடுவதால் தளம் கீறாது. 16 பேர் என்றால் 8 மீட்டர் விட்டத்தில் வட்டம் அமையும். கவனிக்க வேண்டியது நேரம். முழு வள்ளி கதை மணிக்கணக்கில் போகும். எந்தப் பாட்டிலிருந்து எந்தப் பாட்டு வரை என்று வாத்தியாரோடு முன்பே உட்கார்ந்து பேசி, 12 நிமிடத்துக்கு வரையறுக்க வேண்டும். மேடையில் வைத்து "வாத்தியாரே, போதுங்க" என்று கையைக் காட்டுவது மரியாதை இல்லை.

துடும்பு, ஜமாப் மேளங்கள் இரண்டும் கூட்டத்தை எழுப்புவதில் நிகரில்லாதவை. மூடிய மண்டபத்துக்குள் 20 நிமிடம் அடித்தால் நடுவர்களின் காது அடைத்துப்போகும், அடுத்து வரும் ரும்பாவின் மெல்லிய தாளம் அவர்களுக்கே சரியாகப் பிடிபடாது. வாசலில் வரவேற்புக்கு வையுங்கள். தோல் கருவிகளின் இறுக்கம் ஏசிக் குளிரில் மாறிப்போகும், அதற்கும் வெளியே இருப்பதே நல்லது. பங்குனி, சித்திரை மாரியம்மன் நோம்பிக் காலத்தில் இந்த மேளக்காரர்கள் கிடைப்பது அரிது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண முகூர்த்தம் இல்லாததால் மண்டபமும் டிஜேயும் ரிசப்ஷன் தொகுப்பாளரும் சுலபமாக அமைவார்கள்.

தளத்தில் விழுபவை

கேளிக்கைக் குழுவினர் கூடவே கொண்டுவரும் மூன்று: புகை இயந்திரம், பேப்பர் பிளாஸ்ட், கோல்டு ஃபயர் (குளிர்ந்த தீப்பொறி வாணம்). ரிசப்ஷனில் மூன்றும் சரி. இங்கே இறுதிச் சுற்று முடியும் வரை மூன்றும் வேண்டாம். புகைத் திரவம் தளத்தில் மெல்லிய வழுவழுப்பாகப் படியும். ஜிகினாப் பேப்பர் மெல்லிய தோல் அடியுள்ள நடனச் செருப்பில் ஒட்டினால் சுழலும்போது ஒரு கால் பிடிக்கும், ஒரு கால் வழுக்கும். கும்மிக்குப் பிறகும் இரண்டு பேரை உலர்ந்த துடைப்பானோடு தளத்தை ஒருமுறை சுற்றிவரச் சொல்லுங்கள்: தலையிலிருந்து உதிர்ந்த மல்லிகை ஒன்று, சலங்கை மணி ஒன்று கட்டாயம் கிடக்கும். ஈரத் துணி கூடாது.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. கல்யாண நிகழ்ச்சிக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. கட்டணம் வாங்கி நடத்தும் போட்டிக்கு அது பொருந்தாது. பாட்டு உரிமை அமைப்புகளான ஐபிஆர்எஸ், பிபிஎல் இரண்டின் அனுமதியை டிஜே எடுத்திருப்பார் என்று நம்பி விடாதீர்கள், அது ஏற்பாட்டாளர் பொறுப்பு. திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கிடையாது. அதனால் பரிசளிப்பை 9 மணிக்கு வைத்து, மெல்லிசைக் குழுவுக்கு ஒரு மணி நேரம் மிச்சம் பிடியுங்கள்.