ஏழு மழைக்காலம்: ஒரு காற்று வரைபடச் செயலியும் ஒரு மழைமானியும்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் எங்கள் பக்கம் கரையேறியது. முதலில் வட தமிழகம், தெற்கு ஆந்திரம் என்றுதான் பேச்சு. தெற்கே இறங்கி இறங்கிக் கடைசியில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே வந்துவிட்டது. எங்கள் கொல்லையில் பதினொரு தென்னையில் மிஞ்சியது இரண்டு. அடுத்த வருடம் ஐப்பசிக்கு முன்னால் இரண்டு ஏற்பாடு செய்துகொண்டேன். ஒன்று, காற்றையும் மழையையும் வரைபடமாகக் காட்டும் செயலி. இன்னொன்று, கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் மழைமானி. சம்பா போடுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இந்த ஏழு மழைக்கால அனுபவத்தை எழுதுகிறேன்.

செயலிக்குக் காசு கட்டவில்லை, இலவசமாகக் கிடைப்பதே போதும். வானிலையைக் கணினியில் கணக்குப்போட்டு முன்கூட்டிச் சொல்வதை மாடல் என்பார்கள். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஐரோப்பாவின் இசிஎம்டபிள்யூஎஃப் இரண்டு மாடலையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். காலை 5.30 மணி நிலவரத்தை வைத்துப் போடும் ஐரோப்பியக் கணக்கு மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்துசேரும். அதைத் தெரிந்துகொள்ளாமல் காலையிலிருந்து பழைய படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு.

முதல் வருடம் செய்த தப்பு பெரியது. பத்து நாள் தள்ளி, ஊதா நிறத்தில் ஒரு சுழல் நேராக நாகைக்கு வருவதுபோல ஒரு மாடல் காட்டியது. தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். மறுநாள் சுழலே இல்லை. கடலில் சுழற்சி உருவாகி மையம் பிடிக்கும்வரை பாதைக் கோட்டை நம்பக்கூடாது என்று அப்புறம்தான் பிடிபட்டது. இப்போது இரண்டு மாடலும் ஒத்துப்போகிறதா, ஒரே மாடல் தொடர்ந்து மூன்று கணக்கில் அதையே சொல்கிறதா என்று பார்க்காமல் வாய் திறப்பதில்லை.

அந்தமானுக்குத் தெற்கே ஒரு கிழக்கு அலை, அதாவது கிழக்கிலிருந்து மேற்கே நகரும் காற்றோட்டத்தின் வளைவு, நுழைந்தாலே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ‘புயலாகுமா’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். கடல் சூடு 26.5 டிகிரிக்கு மேல் வேண்டும், வங்கக்கடலில் அந்த நேரத்தில் அதற்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை. நான் பார்ப்பது காற்றைத்தான். 1,500 மீட்டர் உயரக் காற்றையும் 12,000 மீட்டர் உயரக் காற்றையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். மேலே அடிக்கும் காற்று மேகத்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் சுழற்சி வலுப்பெறாது. வடக்கிலிருந்து காய்ந்த காற்று உள்ளே புகுந்தாலும் அப்படித்தான். என் பெரியப்பா போனைத் தொடமாட்டார். திண்ணையில் உட்கார்ந்தபடியே, “வாடை ஏறிடுச்சுடா, இனி பெய்யாது” என்பார். வாடை என்றால் அந்த வடக்குக் காற்றுதான். செயலியைத் திறந்தால் அதுவும் அதையேதான் காட்டும்.

இந்த ஏழு வருடத்தில் நான் கற்றதில் முக்கியமானது, புயலாகும் வாய்ப்பும் என் வயல் மூழ்கும் வாய்ப்பும் ஒன்றல்ல என்பது. இந்திய வானிலைத் துறை தினமும் ‘குறைவு, மிதம், அதிகம்’ என்று வெளியிடும் வாய்ப்பு, புயலுக்கு முந்தைய நிலையான தாழ்வு மண்டலம் உருவாவதற்கானது. மழையின் அளவுக்கானது அல்ல. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியதே, அது புயலே இல்லை, தாழ்வு மண்டலத்தைவிடவும் வலுக் குறைந்த காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிதான். 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து, வலுக் குறைந்து மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றது. நின்றதால்தான் டெல்டா மிதந்தது. அதனால் பெயர் வைத்தார்களா என்று நான் கேட்பதில்லை. எங்கே நிற்கப்போகிறது, கடலிலிருந்து வரும் கீழைக்காற்றான கொண்டல் எத்தனை நாள் அடிக்கப்போகிறது என்றுதான் பார்க்கிறேன்.

செயலி முழுசாகக் கைகொடுத்தது 2023-இல். பிப்ரவரி 2 அதிகாலை இலங்கைக் கரையைக் கடந்த தாழ்வு மண்டலம், சரியாகச் சம்பா அறுவடை நேரத்தில் வந்தது. நான்கு நாள் முன்னாலேயே இரண்டு மாடலும் மாறாமல் அதே பாதையைக் காட்டின. அறுவடை மிஷின்காரரைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, கதிர்ல இன்னும் பச்சை இருக்கே, நாலு நாள் நிக்கட்டுமே.”

“பரவாயில்ல தம்பி, நாளைக்கே பெல்ட் மிஷினை விடுங்க.”

மூன்று ஏக்கரில் இரண்டை அறுத்துவிட்டோம். மூன்றாவதற்கு முறை வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைத்துவிட்டது, கையில் எடுத்தால் நெல்லின் நுனியில் வெள்ளை முளை. அறுத்ததற்கும் சும்மா பணம் வரவில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வெயில் தலைகாட்டும்போதெல்லாம் தார்ப்பாயைத் திறப்பதும் மூடுவதுமாகக் களத்திலேயே கிடந்தோம். ஆனாலும் இரண்டு ஏக்கர் வீட்டுக்கு வந்தது.

மழையின் அளவைச் செயலி சொல்வதை மட்டும் நம்பி மடையைத் திறக்காதீர்கள். எங்கோ மழை உண்டு என்பது சரியாக இருக்கும், எந்த ஊரில் எவ்வளவு என்பது அப்படி இருக்காது. சீர்காழி மிதந்த அன்று காலை என் மானியில் அதில் பாதிகூட இல்லை. மழை நெருங்கிவிட்டால் செயலியை மூடிவிட்டு, வானிலைத் துறையின் காரைக்கால் ராடார் படத்தைத் திறந்துவிடுவேன்.

மழைமானியை வெட்டவெளியில், மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, கம்பத்தில் கட்டியிருக்கிறேன். அரசுக் கணக்கோடு ஒத்துப்பார்க்க வசதியாகக் காலை 8.30-க்கு அளவு எடுக்கிறேன். புனலில் சிலந்தி வலை கட்டும், எறும்பு குடியேறும், வாரம் ஒருமுறை கழுவியே ஆகவேண்டும். மூன்றாவது வருடமே வெயிலில் கோடுகள் வெளுத்து, ஆணியால் கீறி மை தடவினேன். இது 10 செ.மீ.தான் கொள்ளும். புரெவி வந்த ராத்திரிகளில் டார்ச்சோடு எழுந்துபோய் அளந்து கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன். ஒரு செ.மீ. மழை என்றால் ஏக்கருக்கு நாற்பதாயிரம் லிட்டர். அந்தக் கணக்கு மனதில் இருந்தால் வடிகாலை எப்போது வெட்டுவது என்று தெரியும்.

கஜா மாதிரி ஒன்று வந்தால் டவர் விழும், கரண்ட் போகும், செயலி திறக்காது. அதனால் பேட்டரி ரேடியோ ஒன்றும் வைத்திருக்கிறேன், புரட்டாசி கடைசியில் புது பேட்டரி போட்டுவிடுவேன். மழைமானி நோட்டை இப்போது அண்ணன் மகள் எழுதுகிறாள். மழை இல்லாத நாளிலும் 0.0 என்று எழுதிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.