சாமத்திய வீட்டு ஆல்பமும் ஃபிளாஷும்

யாழ்ப்பாணத்தில் பெறாமகளின் சாமத்திய வீட்டுக்கு, அதாவது பூப்புனித நீராட்டு விழாவுக்கு, படம் பிடிக்க வந்த ஸ்டூடியோ, பெயர் வேண்டாம். ஆல்பத்தின் தாள், அச்சு எல்லாம் திறம், சொன்ன நேரத்துக்கும் வந்தார்கள். ஆனால் ஆலாத்தி எடுக்கும்போது முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்ததில் விளக்குச் சுடரின் மஞ்சள் வெளிச்சம் போயே போய்விட்டது, பிள்ளையின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல, பின்னால் நின்ற அம்மம்மா இருட்டுக்குள், அவவின் மூக்குக்கண்ணாடியில் இரண்டு வெள்ளைப் பொட்டு வேறு. தூரம் இரட்டித்தால் ஃபிளாஷ் வெளிச்சம் கால்வாசியாகிவிடும் என்பது தொழில் செய்பவர்களுக்குத் தெரியாதா? மேலே திருப்பி அடிக்கலாம் என்றால் எங்களுடையது ஓட்டு வீடு, வெளிச்சத்தைத் திருப்பித்தர வெள்ளைக் கூரை இல்லை. நிறைய வெளிச்சம் உள்ளே விடும் எஃப் 1.8 லென்ஸைப் போட்டு, கமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றி, யன்னலைத் திறந்துவிட்டிருந்தால் போதும். படத்தில் கொஞ்சம் புள்ளி விழும், சரி, விழட்டும். முற்றத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தவை மட்டும் நல்ல வடிவு.