‘சரி அண்ணாச்சி’ என்றால் வேலை முடிந்ததா? பாளையங்கோட்டையில் முன்னாள் படையினர் நடத்தும் தலைமைப் பயிற்சி: ஒரு மதிப்புரை

ஓய்வுபெற்ற படை அதிகாரிகளும் சுபேதார்களும் சேர்ந்து, கடை முதலாளிகளுக்கும் சிறு ஆலை நடத்துபவர்களுக்கும் பாளையங்கோட்டையில் நடத்தும் பயிற்சி இது. சனி, ஞாயிறு இரண்டு நாள். மதியச் சாப்பாட்டோடு ஆளுக்கு 7,000 ரூபாய். ஒரு தடவைக்கு 24 பேரைச் சேர்க்கிறார்கள். அரிசி ஆலை, ஜவுளிக்கடை, அல்வாக்கடை, பீடிக் கம்பெனி, காற்றாலைப் பராமரிப்பு என்று எல்லாத் தொழில்காரர்களும் வருகிறார்கள். இதில் இரண்டு பகுதிகள் கொடுத்த பணத்துக்கு மேலேயே தருகின்றன. ஒரு பகுதி தேவையில்லை. முக்கியமான ஒன்றைத் தொடாமலே விட்டிருக்கிறார்கள். அதனால் நல்ல பாடமும் சில கடைகளில் கெடுதலாக முடியலாம்.

தேவையில்லாதது காலை 6 மணி அணிவகுப்பு. ஐம்பது வயதில் சர்க்கரை மாத்திரை போடும் அண்ணாச்சிமாரை மைதானத்தில் ‘சாவ்தான், விஸ்ராம்’ என்று நிறுத்துவதால் யாருக்கும் எதுவும் பதிவதில்லை. படைவீரனுக்கு அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் ஊறுவது. முக்கால் மணி நேரத்தில் அது வெறும் வேடிக்கை. அந்த நேரத்தை மதியப் பாடத்துக்குக் கொடுக்கலாம்.

முதல் நாளின் உயிர்நாடி, கட்டளை கொடுக்கும் முறை. படையில் ஒரு வேலையை ஒப்படைக்கும்போது ஐந்து கூறுகளாகச் சொல்கிறார்கள்: இப்போதைய நிலவரம், முடிக்க வேண்டிய பணி, அதைச் செய்யும் முறை, வேண்டிய பொருளும் ஆளும், யார் பொறுப்பு என்பதோடு யாரிடம் எப்படித் தகவல் சொல்வது என்பதும். நம் கடைகளில் நடுவில் உள்ள ஒன்றை மட்டும், அதுவும் பாதியாகச் சொல்கிறோம். இதைப் புரியவைக்க நெல்லையில் பிறந்து வளர்ந்த ஒரு சுபேதார் எடுத்துக்கொள்வது அல்வாக்கடை உதாரணம்.

“ஏல, சாயந்திரம் ஆறு மணி பஸ்ல தென்காசிக்கு 40 பெட்டி போயிரணும்.”

“சரி அண்ணாச்சி.”

பஸ் போய்விட்டால்? பையன் பெட்டிகளோடு நிலையத்தில் நின்றுகொண்டு போன் போடுவான். முதலாளி எடுக்கவில்லை என்றால் திரும்பக் கடைக்கே கொண்டுவந்து வைப்பான். அவன் மேல் குற்றமில்லை. அவனிடம் சொல்லப்பட்டது பஸ்தான். நாளைக் காலை தென்காசிக் கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முன்னால் 40 பெட்டியும் அங்கே இருக்க வேண்டும் என்பதும், வண்டி பிடிக்க இவ்வளவு ரூபாய் வரை செலவழிக்கலாம் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தால் டெம்போவோ காரோ பிடித்து அனுப்பியிருப்பான். நோக்கத்தையும் வரம்பையும் சொல்லிவிட்டு வழியை அவனிடம் விடுவது என்பது இதுதான். 1806இல் ஜெனாவில் நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்யப் படை, அதன்பின் தன்னைச் சீர்திருத்திக்கொண்டு பல பத்தாண்டுகளில் வளர்த்த வழக்கம் இது. இன்று உலகின் பல படைகள் இதைக் கைக்கொள்கின்றன.

அடுத்த படி இதைவிட முக்கியம்: கேட்டவன் திருப்பிச் சொல்ல வேண்டும். “புரிஞ்சுதா?” என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. அதனால் அந்தக் கேள்வியையே சுபேதார் தடை செய்கிறார். “இப்ப நீ என்ன செய்யப்போற, சொல்லு” என்று கேட்கச் சொல்கிறார். “பஸ்ல ஏத்திருதேன் அண்ணாச்சி” என்று வந்தால், “பஸ்ஸ விட்டுட்டா?” என்று அடுத்த கேள்வி. அல்வா ஆறின பிறகுதான் பெட்டியில் அடைக்க வேண்டும், சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும் என்பதுபோல, முதலாளி ‘தெரியாமலா இருக்கும்’ என்று விட்டுவிடுகிற விஷயங்கள் இங்கேதான் வெளிவருகின்றன. ஒரு வேலைக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப்போய் 40 பெட்டியை இழப்பவர்களே அதிகம்.

இதையொட்டிக் கடற்படையிலிருந்து வந்த ஒருவர் பேசுவது நம் மண்ணின் பாடம். விஜயநாராயணத்தில் 1990 முதல் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்திலிருந்து மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்புகிறார்கள். சாதாரண வானொலி அலை கடல்நீருக்குள் இறங்காது. இந்த அலை சில மீட்டர் ஆழம் வரை இறங்கும் என்பதால், மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக்குச் செய்தி போய்ச்சேரும். நீர்மூழ்கியால் அதே வழியில் பதில் பேச முடியாது, அதற்கு வேண்டிய ஆண்டெனா பிரம்மாண்டமானது. ஆகவே கப்பல் தலைவன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போதே மேலிடத்தின் நோக்கத்தை முழுதாக அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் செல்போனில் முதலாளியைத் தேடும் கடைகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

நேரத்தைப் பங்கிடும் விதி சுருக்கமாக வந்துபோகிறது: கையில் இருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மேலதிகாரி எடுத்துக்கொள்ளலாம், மீதி கீழே இருப்பவர்களுக்கு. தீபாவளிக்கு 9 நாள் இருக்கும்போது பெரிய ஆர்டர் வந்தால், விலையும் வகையும் 3 நாளில் முடிவாகி மேஸ்திரி கைக்குப் போய்விட வேண்டும். சர்க்கரை விலை இறங்குமா என்று முதலாளி ஏழாம் நாள் வரை காத்திருந்தால், மிச்சப்படும் பணம் இரவு வேலைக் கூலியிலும் கெட்டுப்போன சரக்கிலும் போய்விடும். ஆர்டர் வந்த அன்றே ‘இப்படி ஒன்று வருகிறது, தயாராக இருங்கள்’ என்று முன்னறிவிப்பு கொடுத்துவிடுவதும் இதில் சேர்த்தி.

ஆள் கணக்கையும் நன்றாக விளக்குகிறார்கள். படையில் ஒரு செக்‌ஷன் சுமார் பத்துப் பேர், மூன்று செக்‌ஷன் ஒரு பிளாட்டூன். பிளாட்டூன் தலைவர் முப்பது பேரிடமும் நேரடியாகப் பேசுவதில்லை, மூன்று செக்‌ஷன் தலைவர்களிடம் பேசுகிறார். ஒவ்வொரு தலைவருக்கும் அடுத்து யார் என்பது முன்பே முடிவாகியிருக்கும். பயிற்சியின் நடுவே குழுத்தலைவரைத் திடீரென்று வெளியே அனுப்பிவிட்டு, “இவர் இல்லை, இனி யார்?” என்று கேட்கிறார்கள். பெரும்பாலான குழுக்கள் அந்த இடத்தில் உறைந்து நிற்கின்றன. கணக்குப்பிள்ளை லீவு போட்டால் கல்லா சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாத கடைகள் இதை மறக்கமாட்டா.

இரண்டாம் நாளில் சிறந்தது மணல் மாதிரி. தரையில் மணலைக் குவித்துத் தாமிரபரணியை வரைந்து, ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் குறித்து, 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை முன்வைத்துத் திட்டம் போடச் சொல்கிறார்கள். அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு விமானப்படை ஹெலிகாப்டர் உணவு போட்டது. இங்கே கற்பது ‘முடிவுப் புள்ளி’. பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. இந்த இரண்டிலும் நீர் எந்த அளவைத் தொட்டால், அல்லது உபரிநீர் திறப்பு அறிவிப்பு எப்போது வந்தால், கீழ்த்தளச் சரக்கு மாடிக்கு ஏற வேண்டும் என்பதை வெயில் காலத்திலேயே எழுதிவைக்க வேண்டும். அந்தப் புள்ளி வந்ததும் குடோன் பொறுப்பாளர் யாரையும் கேட்காமல் ஏற்றத் தொடங்குவார். அன்றைக்கு மின்சாரமும் செல்போனும் பல இடங்களில் போய்விட்டன. எனவே போன் செத்தால் யார் யார் வீட்டுக்குப் போவது என்ற அடுத்த வழியும் தாளில் இருக்க வேண்டும். எத்தனை மூட்டை, எத்தனை லோடுமேன், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடும்போதுதான், தண்ணீர் வாசலுக்கு வந்தபின் தொடங்கினால் பாதிச் சரக்குகூட ஏறாது என்பது உறைக்கிறது.

வேலை முடிந்தபின் ஆய்வு செய்யும் முறை அமெரிக்க ராணுவப் பயிற்சிக் களங்களில் 1970களில் உருவானது. என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன் இந்த வித்தியாசம், அடுத்த முறை என்ன செய்வது என்று நான்கே கேள்விகள். அன்றே, 15 நிமிடத்துக்குள். கீழே இருப்பவர் முதலில் பேச வேண்டும், முதலாளி கடைசியில். முதலாளி முதலில் வாயைத் திறந்தால் அப்புறம் எல்லாரும் அதையே பாடுவார்கள். சொல்லிக்கொடுப்பதில் குறையில்லை, செய்துபார்ப்பதில்தான் ஓட்டை. அறையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் முதலாளிகள். தன் மேஸ்திரி வாய்விட்டுப் பேசத் தயங்கும் அந்த மௌனத்தை யாரும் அங்கே சந்திப்பதே இல்லை. கடைக்கு இரண்டு பேர் என்று சேர்த்துக்கொண்டால் இது சரியாகும்.

டேராடூன் ராணுவ அகாடமியில் 1932இல் அன்றைய இந்தியத் தலைமைத் தளபதி செட்வுட் சொன்னதை வாசிக்கிறார்கள்: நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் முதலில், நீ நடத்தும் வீரர்களின் மானமும் நலனும் வசதியும் அடுத்து, உன் சுகம் எப்போதும் கடைசி. கைதட்டலோடு விட்டுவிடாமல், இதை விற்பனைப் பெண்களுக்கு நாற்காலி போடுவதில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்தில் திருத்தமே வந்துவிட்டது. நாற்காலியை வாங்கி மூலையில் கவிழ்த்து வைத்திருக்கும் கடைகள் இன்னும் உண்டு.

தொடாமல் விட்ட விஷயம் ஒன்று என்றேனே, அது பயிற்சிக்கான நேரம். படை தன் காலத்தில் பெரும்பகுதியைப் பழகுவதில் செலவழிக்கிறது. சண்டை எப்போதோ ஒருமுறை. கடைக்கு நேர்மாறு: தினமும் வியாபாரம், புதுப்பையனுக்குப் பயிற்சி அரைநாள்கூட இல்லை. ‘வழியை அவனிடம் விடு’ என்பது நன்றாகப் பழகியவனிடம்தான் பலிக்கும். பில் போடவே தடுமாறுகிறவனிடம் நோக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் குளறுபடிதான். முதலில் தினசரி வேலைகளுக்கு எழுத்தில் ஒரு நிலையான முறை, வாரம் ஒரு மணி நேரமாவது கடையை அடைத்துப் பழக்குதல், அதற்குப் பின்தான் அதிகாரம் பகிர்வது. இந்த வரிசையை யாரும் அங்கே சொல்லவில்லை.

இன்னொன்று, கீழ்ப்படியாமை 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம், அனுமதியின்றி ஓடிப்போவதும் அப்படியே. கடைப்பையன் திங்கட்கிழமை திருப்பூருக்கு பஸ் ஏறிவிடலாம். படை அதட்டலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறவர் ஆளை இழப்பார். பயிற்சி நடத்தும் கர்னலே இதை ஒருவரியில் சொன்னால் போதும், அவர் சொன்னால் கேட்பார்கள்.

பத்துப் பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். நாலைந்து பேர் கடைக்கு ஐந்து கூறு கட்டளையும் திருப்பிச் சொல்லுதலும் போதும், அதை இதைப் படித்தே தொடங்கலாம். திரையில் காட்டுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்த் தாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் தருகிறார்கள். உங்கள் குடோனின் அளவும் சரக்கு எண்ணிக்கையும் எழுதி எடுத்துப்போனால் மணல் மாதிரியில் உங்கள் கணக்கையே போடலாம். ஜவுளிக்காரர்கள் ஆடியையும் ஐப்பசியையும் தவிருங்கள். அரிசி ஆலைக்காரர்கள் பிசான அறுவடை முடிந்து வைகாசிக்கு மேல் சேருவது நல்லது.